பெயர் சுட்டா அகமும் பெயர் பொறித்த கல்லும்



காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து அமைந்த சிற்றூர் திருப்புட்குழி. புள் என்பது பறவை. சீதையைக் காக்கப் பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இது என்பது தலவரலாறு. விசயராகவப் பெருமாள் எழுந்தருளியுள்ள இத்திருக்கோயில் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. சடாயுவின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் அவன் வீரத்தையே பாராட்டுவர். ஆயினும் அவன் ஆற்றிய கடைசித் தொண்டு போர் அன்று. உயிர் பிரியுமுன் தான் கண்டதைச் சொன்னான் என்பதே அது. கவர்ந்து சென்றவன் இன்னான் என்று கண்டவன் சொல்லாதிருந்தால், தேடி வந்தவனுக்கு வழி இல்லை. செய்தியை மறைக்காமல் உரியவனிடம் ஒப்படைத்தமையால் அப்பறவை தந்தைக்குரிய மரியாதையைப் பெற்றது.

இதே ஊரில்தான் இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார் என்று குருபரம்பரை கூறும். பிற்காலத்தில் அவர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து மந்திரப் பொருளைப் பெற்றதும், பிறர்க்குச் சொல்லலாகாது என்ற கட்டளையை மீறி, ஊர் கேட்க அதனை உரைத்ததும் தமிழகம் அறிந்த வரலாறு. ஒருவர்க்கு உரியதாக வைக்கப்பட்டதைப் பலர்க்கும் உரியதாக்கிய செயல் அது.

இவ்விரு கதைகளும் வெளிப்படச் சொல்லுதலின் பெருமையைப் பேசுகின்றன. ஆனால் தமிழ் மரபு வெளிப்படச் சொல்லுதலை மட்டும் போற்றிய மரபு அன்று. எதைச் சொல்லக் கூடாது என்பதற்கும் இலக்கணம் வகுத்த மரபு அது. அரசின் ஆவணங்களைக் குடிமக்கள் காணும் உரிமையும், குடிமக்களின் தனிவாழ்வு பிறர் கண்ணில் படாதிருக்கும் உரிமையும் இன்று ஒன்றோடொன்று மோதி நிற்கின்றன. சட்ட வல்லுநர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் வழக்காக இதனை விட்டுவிடுதல் பொருந்தாது. அகம், புறம் எனப் பகுத்துக் கண்ட மொழிக்கு இதில் சொல்வதற்குச் செய்தி உண்டு.

அகப்பாட்டின் அடக்கம்

அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்பனவே அங்கு வழங்கும் பெயர்கள். நிலம் உண்டு, பொழுது உண்டு, பூவும் பறவையும் உண்டு. இன்னார் மகள், இன்னார் மகன் என்பது மட்டும் இல்லை. காதலும் கலக்கமும் உலகிற்குப் பொதுவானவை. ஆனால் அவற்றை நுகர்ந்த மனிதர் உலகின் வாய்க்கு இரையாகக் கூடாது. அம்பல் என்றும் அலர் என்றும் ஊராரின் பேச்சைக் குறிக்கத் தனிச் சொற்களைப் படைத்து, அதனால் தலைவி படும் துன்பத்தை மீண்டும் மீண்டும் பாடிய புலவர்கள், தம் பாட்டே ஓர் அலராகிவிடாமல் காத்துக்கொண்டார்கள்.

புறப்பாட்டின் முறை வேறு. அங்குப் பெயர் வேண்டும். கொடுத்தவன் பெயர், கொடாதவன் பெயர், போரிட்டவன் பெயர், வரி மிகுதியாகக் கேட்டவனிடம் புலவன் நேரில் நின்று எடுத்துரைத்த அறிவுரை ஆகிய அனைத்தும் பெயரும் ஊரும் சுட்டியே வரும். ஆளும் செயல் பலர் வாழ்வைத் தொடுவது. ஆதலால் ஆள்பவன் பெயர் மறைந்து நிற்க இடமில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் நூல் ஒன்று உண்டு. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளால் ஆன பாட்டு. பிரிவால் வாடும் அரசியையும், பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காண வரும் அரசனையும் அது காட்டும். அரசன் பெயர் ஓரிடத்தும் இல்லை. ஆயினும் அவன்முன் செல்லும் வேலில் வேம்பு சூட்டப்பட்டிருந்தது என ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அடையாளம் சுட்டப்பட்டமையால் இது புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். அம்முடிவை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. ஆனால் அவர் கண்ட நுட்பம் மறுக்க இயலாதது. பெயரை நீக்கிவிட்டால் மட்டும் ஒருவர் மறைந்துவிடுவதில்லை. ஓர் இலை போதும், ஆளைக் காட்டிக்கொடுக்க.

இன்றைய கணிப்பொறி உலகம் இவ்வுண்மையைத் தாமதமாகக் கற்று வருகிறது. பெயரை அழித்துவிட்டு வயது, தெரு, தொழில், நோய் ஆகியவற்றை மட்டும் வெளியிட்ட பட்டியலிலிருந்து மனிதரை மீட்டெடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஓர் ஊரில் ஒரே ஒரு கைம்பெண் தையற்காரர் இருந்தால், பெயர் சொல்ல வேண்டியதில்லை. வேப்பிலை அங்கேயே இருக்கிறது.

உத்திரமேரூர்ச் சுவர்

காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில் உள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களை அறியாதார் இல்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகள், ஒவ்வொன்றிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுதல், வேறுபாடறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தல், வாங்கிய மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்று உரக்க வாசித்தல், அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைத் திரும்ப வாசித்தல் என்பது அம்முறை. விரல் விரிய ஏற்க வேண்டும் என்ற விதி எளிய விதி போலத் தோன்றும். ஓலையை மாற்றிவிடும் கையை ஊர் நன்கு அறிந்திருந்தது என்பதே அதன் பொருள்.

தகுதியற்றோரைக் கூறும் பகுதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. வாரியத்தில் பணிபுரிந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துள் இடப்படாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் இடப்படாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர்க்கும் இடமில்லை. பொதுப் பொருளைத் தொட்டவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நெறி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்லில் ஏறிவிட்டது.

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. கணக்குக் காட்டாதார் இன்னின்னார் என்ற பெயர்ப் பட்டியல் அவ்வாணையில் இல்லை; நெறி மட்டுமே உண்டு. அதே கல்லில் அரசாணையுடன் வந்திருந்த அலுவலர் பெயர் உண்டு. 919ஆம் ஆண்டு ஆணையில் தத்தனூர் மூவேந்தவேளான் பெயர் இடம்பெறுகிறது. சபையார் பணிக்க எழுதிய மத்தியஸ்தன் பெயரும் உண்டு. அதிகாரத்தைச் செலுத்தியவர் பெயரைக் கல் தாங்கியது. தகுதி இழந்தவரின் குடும்பத்தை அது காலமெல்லாம் சுட்டிக்கொண்டிருக்கவில்லை.

இதனைச் சொல்லும்போதே இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அச்சபை வேதம் வல்ல அந்தணர் சபை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. பெண்ணுக்கு இடமில்லை, ஏரிக்கரையில் மண் சுமந்தவர்க்கும் இடமில்லை. சுவரில் எழுதியது அனைவர் கண்ணிலும் பட்டது. அதனைப் படிக்கவும், படித்தபின் கேள்வி கேட்கவும் உரிமை சிலர்க்கே இருந்தது. திறந்த ஆவணம் என்பது எழுதி வைப்பதோடு முடிவதன்று. கேட்கும் உரிமையும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும்.

கேட்கும் உரிமை வந்த வழி

அரசு ஆவணத்தைக் குடிமகன் காணலாம் என்று முதன்முதலில் சட்டம் செய்த நாடு சுவீடன், ஆண்டு 1766. இந்தியாவில் ஆங்கில ஆட்சி விட்டுச் சென்றதோ 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம். அலுவலகக் கோப்பு என்றாலே மறை பொருள் என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது. விடுதலைக்குப் பின்னரும் அமைச்சர்கள் பதவி ஏற்குங்கால் இரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுக்கிறார்கள். வெளிப்படையாக இருப்பதாக உறுதிமொழி எடுக்கும் வழக்கம் இல்லை.

இந்நிலையை மாற்றியவர்கள் படித்தவர்கள் மட்டும் அல்லர். இராசத்தானத்தில் 1990இல் தோன்றிய உழைப்பாளர் உழவர் ஆற்றல் அமைப்பு, பஞ்ச நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி பெறாத தொழிலாளரைத் திரட்டியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலியோர் அதனை உருவாக்கினர். 1994 இறுதியில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. வருகைப் பதிவேடுகள் மக்கள் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. இத்தகைய விசாரணைகளில் இறந்தோர் பெயரிலும், ஊரைவிட்டுப் போனோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். அந்த ஊழல் வெளிப்பட்டது எதனால்? பெயரால். பெயர் நீக்கப்பட்ட பதிவேட்டில், இத்தனை ஆட்கள், இத்தனை நாள், இத்தனை கூலி என்ற எண்கள் மட்டும் இருந்திருக்கும். எண்கள் பொய் சொன்னால் மறுப்பார் இல்லை. 'அவர் இறந்து மூன்றாண்டு ஆயிற்றே' என்று கூட்டத்திலிருந்து எழுந்து சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

இந்திய மாநிலங்களுள் முதலாவதாகத் தமிழ்நாடு 1997இல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இயற்றியது. விலக்குகள் மிகுந்த சட்டம் அது; ஆயினும் முதற் படி. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் விடை, உயிரும் விடுதலையும் தொடர்பாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் விடை என்பன அதன் ஏற்பாடுகள். அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையை ஏற்படுத்தியது. இராசத்தானத்தில் மரத்தடியில் நடந்தது சட்டமாகியது. இன்று தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடும் கிராமசபையில் ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. குடவோலையை வாசித்த குரலின் நெடுந்தொலைவு எதிரொலி அது. இம்முறை கேட்பவர்களுள் பெண்களும் மண் சுமப்பவர்களும் இருக்கிறார்கள்.

தமிழ் இதழ் ஒன்றின் வழக்கு

தனிவாழ்வு உரிமைக்கும் பொது ஆவணத்துக்கும் எல்லைக் கல் நாட்டிய வழக்கு தமிழகத்திலிருந்தே சென்றது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழ் முற்பட்டது. உயர் அலுவலர் சிலரோடு தனக்கிருந்த தொடர்பை அவர் அதில் எழுதியிருப்பதாகக் கூறப்பட்டது. வெளியிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் எனச் சிறைத்துறை எச்சரித்தது. இதழின் ஆசிரியர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

தன் குடும்பம், திருமணம், மகப்பேறு, கல்வி முதலியவற்றைத் தனதாக வைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் ஒரு செய்தி பொது ஆவணத்தில், நீதிமன்ற ஆவணம் உட்பட, இடம்பெற்றுவிட்டால் அதனை எடுத்துப் பேசலாம் என்றது. அவ்விதிக்கும் ஒரு விலக்கை வைத்தது: பாலியல் கொடுமைக்கும் கடத்தலுக்கும் உள்ளான பெண்ணின் பெயர் வெளியிடப்பட்டு அவள் மேலும் இழிவுறக் கூடாது. அரசு அலுவலரைப் பொறுத்தவரை, தம் அலுவற் கடமை தொடர்பான செயல்களுக்குத் தனிவாழ்வு என்னும் கேடயத்தை அவர் ஏந்த முடியாது. அவதூறாகும் என்று அஞ்சி முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரமும் அரசுக்கு இல்லை.

இத்தீர்ப்பைத் தமிழ் கற்றவர் படித்தால், அகத்திணையியலும் புறத்திணையியலும் வேறு மொழியில் எழுதப்பட்டது போல் தோன்றும். குடும்பமும் மகப்பேறும் அகம். அங்குப் பெயர் சுட்டலாகாது. அலுவலும் அதிகாரமும் புறம்; அங்குப் பெயர் மறைக்கலாகாது. புறத்துக்குள் வந்து சேர்ந்துவிட்ட அகமாக, துன்புற்ற பெண்ணின் பெயர் காக்கப்பட வேண்டும்.

எல்லைக் கல் அகன்ற கதை

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(ஒ) எனத் தமிழில் எண்ணிடத்தக்க, ஆங்கில எழுத்து வரிசையில் 'ஜே' எனும் உட்பிரிவு இந்த எல்லையைத்தான் சட்ட மொழியில் வரைந்திருந்தது. தனிப்பட்ட தகவலாக இருந்து, பொதுச் செயலுக்கோ பொது நலனுக்கோ தொடர்பில்லாததாயின், அல்லது ஒருவர் தனிவாழ்வில் தேவையின்றித் தலையிடுவதாயின், மறுக்கலாம். பெரும் பொதுநலன் இருப்பின் கொடுக்க வேண்டும். மேலும், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க இயலாத செய்தியை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமும் ஏறத்தாழ இதே நடையில் தன் எல்லையை அமைத்துக்கொண்டது.

2012இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அரசு ஊழியர் பெற்ற குறிப்பாணைகள், வருமான வரிக் கணக்கு முதலியவை தனிப்பட்ட தகவல்களே எனக் கொண்டது. அது முதல் மறுப்புக்கு வாயில் அகன்றது. 2017 ஆகத்து 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனிவாழ்வு உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர். அரசின் கண் குடிமகன் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் நுழையலாம் என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்த தீர்ப்பு அது. 2019இல் தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று கூறிய தீர்ப்பு, இரு உரிமைகளையும் ஒவ்வொரு வழக்கிலும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றது.

பின்னர், 2023 ஆகத்தில் இயற்றப்பட்ட மின்னணுவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3)ஆம் பிரிவால் அந்த உட்பிரிவைச் சுருக்கியது. பொதுச் செயலோடு தொடர்பு, தேவையற்ற தலையீடு, பெரும் பொதுநலன், சட்டமன்றத்தை அளவுகோலாகக் கொண்ட விதி ஆகிய அனைத்தும் நீங்கின. தனிப்பட்ட தகவல் என்ற சொல் மட்டும் எஞ்சியது. 2025 நவம்பரில் இத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

அரசின் பக்கத்து வாதமும் ஆராயத்தக்கதே. தனிவாழ்வு அடிப்படை உரிமையான பின், பழைய விதியை அதற்கேற்ப அமைத்தோம் என்பர். 8(2)ஆம் பிரிவு நீக்கப்படவில்லை; பொதுநலன் தீங்கைவிட மிகுமாயின் அதன்வழித் தரலாம் என்பர். உண்மைதான்; அக்கதவு இன்றும் இருக்கிறது. ஆனால் முன்னர் மறுக்க விரும்பிய அலுவலர், இது பொதுச் செயலோடு தொடர்பற்றது என்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது தனிநபர் ஒருவரைக் குறிப்பது என்று சொன்னால் போதும். பொதுநலனை எடுத்துக்காட்டும் சுமை கேட்பவர் தோளில் ஏறுகிறது. புதிய சட்டத்தின் விளக்கப்படி, ஒருவரை அடையாளம் காட்டும் எதுவும் தனிநபர் தரவே. அவ்வாறாயின் பதிவேட்டிலுள்ள இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் கையொப்பமிட்டவர் பெயரும், சாலை போட்ட ஒப்பந்தக்காரர் பெயரும், ஒப்புதல் அளித்த அலுவலர் பெயரும் ஒரே போர்வைக்குள் சென்று மறைய இடம் உண்டு. குடிசைக்கென நெய்த போர்வையை மாளிகை எடுத்துப் போர்த்திக்கொள்ளும் அச்சம் இது.

வெளிச்சம் சுட்ட இடங்கள்

இதனால் எல்லாவற்றையும் திறந்துவிடுதலே அறம் என்று கொள்ளலாகாது. 2017 மே மாதம் வெளியான ஓர் ஆய்வு, நான்கு அரசுத் தளங்கள் வழியே பதின்மூன்று கோடி மக்களின் ஆதார் எண்கள் வெளியே கசிந்திருக்கக்கூடும் என மதிப்பிட்டது. முதியோர் உதவித்தொகையும் வேலைக்கூலியும் பெறும் ஏழைகளின் விவரங்கள் அவை. வெளிப்படைத்தன்மை என்ற பெயரால் வறியவர் வாழ்வு திறந்து கிடந்தது.

2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் நோயுற்றோர் வீட்டு வாயில்களில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. அக்கம்பக்கத்தார் அவ்வீட்டை ஒதுக்கினர். அலுவலர் தனியே ஆணையிட்டாலன்றி அவ்வாறு ஒட்டத் தேவையில்லை என அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூற வேண்டியதாயிற்று. அலர் தூற்றும் ஊர்வாய்க்கு அரசே தாள் ஒட்டிக் கொடுத்த கதை அது.

குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்புகளில் நிலைத்துவிட்ட தம் பெயரை மறைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021 ஆகத்தில் தனி நீதிபதி, அதற்கெனச் சட்டம் இல்லை என மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்குமாறு பணித்தது. அவ்வாண்டு சூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதி மூடிய அறைக்குள் நடக்கக் கூடாது என்பது உண்மை. விடுதலை பெற்ற பின்னும் ஒரு பெயர் வேலை கேட்டுச் செல்லும் வாயில்தோறும் தடையாய் நிற்பதும் உண்மை. ஓருண்மையைச் சொல்லி மற்றதை அடக்கிவிட முடியாது.

வாக்குச் சாவடி சொல்லும் பாடம்

இவ்விரண்டையும் ஓரிடத்தில் பொருத்தி வைக்க இயலுமா என்று ஐயுறுவோர் வாக்குச் சாவடிக்குச் சென்று காணலாம். வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். பெயரும் வயதும் வீட்டு எண்ணும் அதில் உண்டு. போலி வாக்காளரைச் சுட்டிக் காட்ட அது வேண்டும். ஆனால் மறைப்புக்குள் சென்றபின் அவர் எச்சின்னத்தில் விரல் வைத்தார் என்பதை அரசும் அறியலாகாது. புறத்தின் நடுவே காக்கப்பட்ட அகம் அது.

வாக்குக் கேட்பவர்க்கு இம்மறைவு இல்லை. 2002இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக, வேட்பாளர் தம் சொத்தையும், மீதுள்ள குற்ற வழக்குகளையும், கல்வியையும் உறுதிமொழிப் பத்திரத்தில் அறிவிக்கிறார். மனைவி அல்லது கணவனின் சொத்தும் அதில் அடங்கும். 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்கொடையாளரின் தனிமை காக்கவே பெயரை மறைத்தோம் என்ற வாதம் அங்கு வைக்கப்பட்டது. அரசியல் சார்பும் தனிவாழ்வின் கூறே என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், பெருந்தொகை ஆட்சியை வளைக்கும் வாய்ப்புள்ள இடத்தில் வாக்காளர் அறியும் உரிமையை முற்றும் அழிக்க அது காரணமாகாது என்றது. அடுத்த மாதமே பெயர்கள் வெளிவந்தன.

எனவே அளவுகோல் ஒன்று புலனாகிறது. தகவல் யாரைப் பற்றியது என்பது முதற் கேள்வி அன்று. அவர் அதிகாரத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார், அச்செயல் பிறர் பொருளையும் வாழ்வையும் தொட்டதா என்பனவே முதற் கேள்விகள். உதவித்தொகை பெறுபவரின் பெயர் கிராமசபையில் வாசிக்கப்படலாம். அவருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் நோயும் வாசிக்கப்பட வேண்டியதில்லை. அலுவலர் ஒப்பமிட்ட ஆணை வெளிவரலாம். அவர் மகளின் மருத்துவச் சான்று வெளிவர வேண்டியதில்லை. தகவல் சட்டத்தின் 10ஆம் பிரிவு மறைக்க வேண்டிய பகுதியைப் பிரித்து எஞ்சியதைத் தரச் சொல்கிறது. 11ஆம் பிரிவு மூன்றாமவரைக் கேட்ட பின் முடிவு செய்யச் சொல்கிறது. கத்தரிக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்கக் கருவி இருக்கும்போது, ஏட்டையே பூட்டி வைப்பது முறையன்று.

நார்வே நாட்டிலிருந்தும் ஒரு வழி கற்கலாம். அங்கு ஒவ்வொருவரும் அறிவித்த வருமானமும் செலுத்திய வரியும் பிறர் காணக்கூடியவை. 2014 முதல், ஒருவர் கணக்கைப் பார்த்தவர் யார் என்பதைப் பார்க்கப்பட்டவர் அறியலாம் என ஆக்கினார்கள். வெறும் வம்புக்காகத் தேடுவோர் தொகை பெரிதும் குறைந்தது. பார்ப்பவரும் பார்க்கப்பட வேண்டும் என்ற அந்நெறி, விரல் விரித்து ஓலை வாங்கிய உத்திரமேரூரின் நெறிக்கு அயலானது அன்று.

சொல்லைக் காப்போர் கடமை

இறுதியாக, இவ்வவைக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. இவ்வழக்கின் வேரில் சொற் குழப்பம் கிடக்கிறது. இரகசியம் வேறு, அந்தரங்கம் வேறு. இரகசியம் பிறர்க்குத் தெரிந்தால் செய்தவனுக்குக் கேடு என்பதால் மூடப்படுவது. அந்தரங்கம் பிறர்க்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லாமையால் தனதாக இருப்பது. கையாடல் இரகசியம், கருவுற்ற செய்தி அந்தரங்கம். அலுவலக மேசையில் இரண்டுக்கும் ஒரே முத்திரை குத்தப்படும்போது, முன்னது பின்னதன் உடையை அணிந்துகொண்டு நடமாடுகிறது.

சொற்களின் எல்லையைக் காப்பவர் கவிஞர். தாம் பாடும் துயரம் எவருடையது என்று தெரியாதவாறு பாடவும், தாம் இடித்துரைக்கும் மன்னன் எவன் என்று தெரியுமாறு பாடவும் இம்மொழியின் புலவர்கள் பழகியிருந்தார்கள். தம் ஊராட்சியின் கணக்கேட்டைக் கிராமசபையில் கேட்டு வாங்கிப் படிக்கும் கவிஞர், அதே ஊரில் ஒருத்தியின் கண்ணீரைப் பாடுங்கால் அவள் தெருவின் வேப்பமரத்தையும் மாற்றி எழுதுவாரானால், அவர் இரு மரபுக்கும் உண்மையாக நடந்தவர் ஆவார்.

இராமாநுசர் ஊர் கேட்கச் சொன்னது எவர் வீட்டுச் செய்தியையும் அன்று; அனைவர்க்கும் உரியதாய் இருந்தும் சிலர் கையில் அடைபட்டிருந்த பொருளை. அரசு ஆவணமும் அத்தகையதே. அது குடிமக்களின் பணத்தால், குடிமக்களின் பொருட்டு எழுதப்பட்டது. அதனைக் கேட்டு வருபவனுக்கு இல்லை என்னாது சொல்லும் துணிவு சடாயுவின் நிலத்துக்குப் புதிதன்று. கேட்கத் தகாததைக் கேளாதிருக்கும் அடக்கமும் அகம் பாடிய மொழிக்குப் புதிதன்று. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த குடிமக்களாக இருத்தலே, கல்லில் எழுதியவர்க்கும் பெயர் சுட்டாது பாடியவர்க்கும் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.